டெலிவரன்ஸ்: இப்போது பார்த்தால் யார் பக்கம் நிற்கத் தோன்றுகிறது?

முதலமடைக்காரன்:
கேரள எல்லை ஊரான முதலமடையில், எங்கள் வாயனசாலையில் (நூலகத்தில்) அடுத்த மாதப் படத்துக்கு டெலிவரன்ஸ் சரியாக இருக்குமா என்று கேட்கத்தான் இந்த இழை. ஜான் பூர்மன் எடுத்தது, 1972. அதற்கு இரண்டு வருடம் முன்னால் ஜேம்ஸ் டிக்கி எழுதிய நாவல்தான் கதை.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: அட்லாண்டாவிலிருந்து நாலு பேர். நல்ல வேலை, வீடு, கார். மலைக்குள் ஓடும் ஒரு ஆற்றில் கனூ (ஒடுக்கமான துடுப்புப் படகு) ஓட்டப் போகிறார்கள். அந்த ஆற்றில் அணை கட்டிக்கொண்டிருக்கிறார்கள், கொஞ்ச நாளில் பள்ளத்தாக்கு மொத்தமும் முங்கிவிடும், அதற்குள் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட வேண்டும். லூயிஸ் (பர்ட் ரெனால்ட்ஸ்) வில்லும் அம்புமாக வீரன். எட் (ஜான் வொய்ட்) அவனைப் பார்த்து வாய்பிளக்கும் கூட்டாளி. பாபி, ட்ரூ இரண்டு பேரும் சும்மா கூட வந்தவர்கள். இரண்டாம் நாள் காட்டுக்குள் துப்பாக்கியோடு இரண்டு பேர் எதிரே வருகிறார்கள். அதோடு பிக்னிக் முடிந்தது.

சின்ன வயதில் பார்த்தபோது அந்த இரண்டு பேரை நினைத்துத்தான் பயம். போன வாரம் பார்த்தபோது என்னைப் பிடித்து உட்கார வைத்தது முதல் இருபது நிமிடம். பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டு பாபி அந்த ஊர்க்காரர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே, அதை நான் பரம்பிக்குளம் காட்டுக்குப் போகிற வழியில் சேத்துமடை செக்போஸ்டில் கார் வரிசையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

ஒரு தயக்கம்தான். பரம்பிக்குளம் மலையிலிருந்து இறங்கி வந்து இங்கே ஹாஸ்டலில் படிக்கிற பையன்களும் படம் பார்க்க வருகிறார்கள். மலைக்காரர்களைப் பிசாசு மாதிரிக் காட்டும் படம் என்று இதன்மேல் ஒரு பழி உண்டு. போடலாமா, வேண்டாமா?

கேசட்கடை கோவிந்தாபுரம்:
தம்பி, இந்தக் கேசட்டை வாடகைக்கு விட்டவன் நான். உறையில் ஆறும் படகும் இருந்ததால் ஆக்‌ஷன் வரிசையில்தான் அடுக்கி வைத்திருந்தேன். எடுத்துப் போனவர்களில் பாதிப் பேர் கலர் வெளுத்திருக்கிறது, ஹெட்டைத் துடைத்துக் கொடுங்கள் என்று சண்டைக்கு வருவார்கள். ஹெட்டில் ஒன்றுமில்லை. பச்சை பளிச்சென்று இருந்தால் காடு சுற்றுலா போஸ்டர் மாதிரி ஆகிவிடும் என்று கேமராமேன் வில்மோஸ் சிக்மண்டும் பூர்மனும் சேர்ந்து லேபில் வண்ணத்தை இறக்கியிருக்கிறார்கள். அதைக் கேசட் எடுக்க வந்த எஸ்டேட் பையன்களிடம் யார் விளக்குவது?

இன்னொன்று. மற்ற படத்தைத் திருப்பிக் கொடுக்கிறவன் கவுண்டரில் சாய்ந்துகொண்டு கதை அளப்பான். இதைத் திருப்பிக் கொடுக்கிறவன் காசை வைத்துவிட்டு சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிடுவான். ஆம்பளைகள் கூட்டமாகப் பார்த்துவிட்டு ஆம்பளைகளிடம் பேச முடியாமல் போன படம் என் கடையில் இது ஒன்றுதான்.

சித்தூர் டீச்சர்:
அண்ணா சொன்னது அந்தக் காட்சியைத்தானே. பாபிக்கு நடப்பது பாலியல் வன்முறை, அப்படியே சொல்லிவிடலாம், சுற்றி வளைக்க வேண்டாம். போடுவதானால் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று நோட்டீசிலேயே எழுதிவிடுங்கள். ஹாஸ்டல் பையன்கள் பிரச்சினை பாதி அதிலேயே தீர்ந்தது.

பாபியாக நடித்த நெட் பீட்டிக்கு அதுதான் முதல் சினிமா. அதற்கப்புறம் வருடக்கணக்கில் தெருவில் ஆண்கள் அவரைப் பார்த்து அந்தக் காட்சியின் வசனத்தைக் கூவுவார்களாம். 1989இல் அவர் நியூயார்க் டைம்ஸில் அதைப்பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். தனக்கும் அது நடக்கலாம் என்று ஆண்கள் பயந்து வாழ வேண்டியிருந்தால் எப்படி இருக்கும் என்று கேட்கிற கட்டுரை. அந்தக் கூவலே பயத்தை மறைக்கத்தான் என்று எனக்குத் தோன்றும். நம் ஊர் பஸ் ஸ்டாண்டிலும் பார்க்கிறோமே.

அப்புறம் பெட்ரோல் பங்கில் வரும் அந்த பாஞ்சோ (தந்தி வாத்தியம்) காட்சி. வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் பையன் பில்லி ரெடன், ஜார்ஜியாவின் அந்த ஊர்ப் பள்ளியிலிருந்தே கூட்டி வந்த பிள்ளை. அவனுக்கு வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்த இன்னொருவர் பின்னால் ஒளிந்துகொண்டு சட்டைக் கைக்குள் தன் கையை நுழைத்து வாசித்தார். நாம் கேட்கும் இசை எரிக் வைஸ்பெர்க்கும் ஸ்டீவ் மேண்டலும் வாசித்தது. 1973இல் அமெரிக்காவின் பில்போர்ட் பாட்டுப் பட்டியலில் இரண்டாம் இடம் வரைக்கும் போனது. ஆனால் அது 1950களில் ஆர்தர் ஸ்மித் என்பவர் போட்ட மெட்டு. படத்தில் அவர் பெயரே இல்லை. கோர்ட்டுக்குப் போய் ஜெயித்துத்தான் அவருக்கு உரியது கிடைத்தது.

மலைக்காரனுடைய முகம் ஒருத்தருக்கு, கை இன்னொருத்தருக்கு, பாட்டு மூன்றாவது ஆளுக்கு. பேர் வாங்கியது படம்.

மூலத்தரை விவசாயி:
எனக்கு லூயிஸ்மேல்தான் எரிச்சல். அணை கட்டி அட்லாண்டாக்காரன் ஏசிக்குக் கரண்ட் கொடுக்கப் போகிறார்கள் என்று பெரிய லெக்சர். ஐயா, நீ வந்த காரை எங்கே நிறுத்தினாய்? உன் வீட்டில் ஏசி இல்லையா? ஆறு இவனுக்கு விளையாட்டுச் சாமான். அது போய்விடுமே என்றுதான் அழுகை.

நான் அணைத் தண்ணீரில் விவசாயம் பண்ணுகிறவன். பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாடு மணக்கடவில் கேரளாவுக்கு வருடம் 7.25 டிஎம்சி விட வேண்டும். அது வந்தால்தான் சித்தூர்ப் புழையில் தண்ணீர், எங்கள் மூலத்தரை ரெகுலேட்டரில் தண்ணீர், என் தென்னையில் குரும்பை. ஒவ்வொரு கோடையிலும் அதற்காக ரோட்டில் உட்காருகிறோம். அணை என்றாலே வில்லன் என்று டவுன்காரன் சொன்னால் சிரிப்புத்தான் வருகிறது.

படமாக நல்ல படம். அதை மறுக்கவில்லை.

ஷட்டர் கோர்ட்டர்ஸ் மகள்:
விவசாயி அண்ணா, நான் அணை கட்டியவர் வீட்டுப் பிள்ளை. அப்பா 1960களில் பரம்பிக்குளம் சைட்டில் வேலை பார்த்தார். எங்கள் வீட்டில் சோறு வந்தது அந்த அணையிலிருந்துதான். அதனால் நானும் அணையைத் திட்டும் கட்சியில்லை. ஆனால் இந்தப் படத்தை நீங்கள் பார்க்கும் இடத்திலிருந்து என்னால் பார்க்க முடியவில்லை.

அப்பா சொல்வார்: மண் அணை என்றால் கொட்டிவிட்டுப் போவது கிடையாது. ஒரு சாண் கனத்துக்கு மண்ணைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, உருளை முழுக்கக் குமிழ் குமிழாக இருக்கும் ரோலரை ஓட்டி, இறுகியதா என்று குத்திப் பார்த்து, அப்புறம்தான் அடுத்த வரிசை. மேஸ்திரி கையில் ஒரு இரும்புக் கம்பி இருக்கும். கம்பி உள்ளே இறங்கினால் அன்றைக்கு லோடுக்காரனுக்குத் திட்டு. சாயங்காலம் காய்ச்சல் மாத்திரை கொடுக்க ஆள் வருவார், எதிரில் நின்று முழுங்க வைத்துவிட்டுத்தான் போவார்.

எல்லாக் கதையும் சொல்வார். உள்ளே யார் இருந்தார்கள் என்று கேட்டால் மட்டும், "இருந்தாங்க, அந்தப் பக்கம் போயிட்டாங்க" என்பார். எந்தப் பக்கம் என்று சொன்னதில்லை.

ஒரு கோடையில் தண்ணீர் ரொம்பக் கீழே போயிருந்தது. சேறு வெடித்துக் கிடந்தது. கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு ஆட்டுக்கல், குழி நிறைய வண்டல், பக்கத்தில் குழவி இல்லை. நான் அதன்மேல் உட்காரப் போனேன். அப்பா சட்டென்று என் கையைப் பிடித்து இழுத்து, அங்கேயெல்லாம் உட்காராதே என்றார். அவர் என்னை அதட்டிய நேரம் குறைவு.

இப்போது படத்துக்கு வருகிறேன். முதல் ஆளைக் கொன்றுவிட்டு நாலு பேரும் நின்று விவாதம் பண்ணுவார்களே, அந்த இடம். ட்ரூ மட்டும் சட்டப்படி போலீசிடம் சொல்லலாம் என்கிறான். லூயிஸ் சுற்றிக் கையைக் காட்டிக் கேட்கிறான்: எந்தச் சட்டம்? இந்த இடமே ஏரிக்கடியில் போகப் போகிறது, இங்கே புதைத்துவிட்டால் யார் தோண்டி எடுப்பார்கள்? இத்தனை நேரம் அணையைத் திட்டியவன்தான். தன் கையில் ரத்தம் பட்டதும் அதே அணை அவனுக்குத் துணைக்கு வருகிறது.

பயப்பட வைக்கும் படங்களில் இப்படி ஒரு ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கொலையை மறைக்கத் திட்டம் எதுவும் தேவையில்லை. அரசாங்கமே தண்ணீர் கொண்டுவந்து மூடிவிடும். கடைசியில் எட் கனவில் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கை எழும்பி வருகிறதே, அது எந்தப் பிணத்தின் கை என்று படம் சொல்வதில்லை. சொல்லாததும் நல்லதுதான்.

முதலமடைக்காரன்:
அக்கா, அந்த விவாதக் காட்சியை இன்று மறுபடி போட்டுப் பார்த்தேன். சரியாகச் சொன்னீர்கள். டாக்சிக்காரர் ஊரைச் சுற்றிக் கொண்டுபோகும்போது ஒரு சர்ச்சையே வண்டியில் தூக்கிக்கொண்டு போகிறார்கள், கவனித்தீர்களா? கல்லறைகளைத் தோண்டி எடுப்பதும் வருகிறது. அந்தக் கல்லறைத் தோட்டம் இருந்த இடம் இப்போது நிஜமாகவே தென் கரோலைனாவில் ஜோகாசி ஏரிக்கு அடியில்.

இன்னொரு வேடிக்கை. அணை வருவதற்கு முந்தைய ஆறு என்று படத்தில் காட்டும் செங்குத்துப் பாறை, டல்லூலா பள்ளத்தாக்கில் எடுத்தது. அங்கே 1910களிலேயே அணை கட்டி அருவித் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். ஆற்றுக் காட்சிகள் பெரும்பாலும் ஜார்ஜியாவுக்கும் தென் கரோலைனாவுக்கும் எல்லையாக ஓடும் சட்டூகா ஆற்றில். எல்லை ஆறு என்றதும் எனக்கு இங்கேயே இருக்கிற மாதிரித் தோன்றியது.

கேசட்கடை கோவிந்தாபுரம்:
ரெனால்ட்ஸ் கதையை யாராவது எழுதுவீர்கள் என்று பார்த்தேன், ஒருத்தரும் எழுதவில்லை. அருவியில் கனூ கவிழும் ஷாட்டுக்கு முதலில் பொம்மையை விட்டார்கள். பொம்மை மாதிரியே இருந்தது. நானே போகிறேன் என்று இறங்கி, வால் எலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு எப்படி வந்திருக்கிறது என்று கேட்டாராம். பொம்மை விழுந்த மாதிரியே இருக்கிறது என்று பூர்மன் சொன்னார் என்பதை ரெனால்ட்ஸே சிரித்துச் சிரித்துச் சொல்வார். இன்சூரன்ஸ் கிடையாது, டூப்பும் பெரிதாகக் கிடையாது. வொய்ட் அந்தப் பாறையில் தானேதான் ஏறினார்.

ஷெரிஃபாக (ஊர்ப் போலீஸ் தலைவராக) வரும் பெரிய உருவம் நாவலாசிரியர் டிக்கி.

சுங்கம் பையன்:
எல்லாரும் எங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள், சரி நானும் பேசுகிறேன். நான் ஹாஸ்டல் பையன் இல்லை, இருபத்தாறு வயதாகிறது, பரம்பிக்குளத்தில் சுங்கம், மலசர் பழங்குடி. சீசனில் மூங்கில் தெப்பத்தில் டூரிஸ்ட்டுகளைக் கூட்டிப் போகிற டீமில் இருக்கிறேன். இந்த இழையைப் பார்த்துவிட்டு ராத்திரி போனில் படத்தைப் பார்த்தேன்.

முதலில் ஒன்று: எனக்குப் படம் ரொம்பப் பிடித்தது. மனசு புண்படும் என்று யோசித்ததற்கு நன்றி அண்ணா. ஆனால் யோசிக்கிறவர்கள் எங்களையும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

படத்தில் அந்த இரண்டு பேருக்கும் பெயர் கிடையாது. கடைசியில் பெயர் ஓடும்போது பார்த்தேன், ஒருத்தன் மலை மனுசன், இன்னொருத்தன் பல்லில்லாதவன். அவ்வளவுதான். நாலு டவுன்காரனுக்கும் பெயர், வேலை எல்லாம் இருக்கிறது. அந்த இரண்டு பேர் செய்ததை நான் நியாயம் என்று சொல்லவில்லை. செய்தது அக்கிரமம். ஆனால் நான் கேட்க வந்தது மூன்றாவது ஆளைப் பற்றி.

தப்பி ஓடிய பல்லில்லாதவன் மேலிருந்து சுடுகிறான் என்று நினைத்து எட் பாறையில் ஏறி விடியவிடிய உட்கார்ந்திருக்கிறான். காலையில் துப்பாக்கியோடு ஒருத்தன் வருகிறான். எட் வில்லை இழுக்கிறான். அவன் திரும்பிப் பார்த்துத் துப்பாக்கியைத் தூக்குகிறான். எதிரே ஒருத்தன் அம்பைக் குறிவைத்து நின்றால் யார்தான் தூக்கமாட்டார்கள்? அவன் செத்த பிறகு எட் அவன் வாயைத் திறந்து பார்க்கிறான். பல் செட் இருக்கிறது. பல்லில்லாதவன்தானா, வேறு ஆளா, எட்டுக்கே தெரியவில்லை. கீழே இறக்கிக் காட்டினால் பாபிக்கும் நிச்சயமில்லை. கல்லைக் கட்டி ஆற்றில் விடுகிறார்கள்.

அப்புறம் ஊருக்கு வந்தால் அங்கே ஒரு டெபுடி, ஷெரிஃபின் கீழே இருக்கும் போலீஸ்காரன். அவன் மச்சான் வேட்டைக்குப் போனவன் திரும்பவில்லை. இதைப் பற்றி ஒருத்தரும் இங்கே எழுதவில்லையே! ட்ரூ கனூவிலிருந்து ஆற்றில் விழுந்து சாகிறானே, அவனைச் சுட்டார்களா, அவனே விழுந்தானா என்பதற்கும் படம் பதில் சொல்லவில்லை. சுடவே இல்லை என்றால் மேலே உட்கார்ந்திருந்தவன் யார்? மான் தேடி வந்தவனாகவும் இருக்கலாம்.

இந்தப் படத்தில் எனக்குப் பயம் வந்தது அங்கேதான். காட்டில் நான் நின்றுகொண்டிருப்பேன், தேன் எடுக்கவோ, காட்டுத்தீ பரவாமல் ஃபயர் லைன் வெட்டவோ. வருகிறவன் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

சித்தூர் டீச்சர்:
தம்பி, டெபுடியின் மச்சான் விஷயம் நான் யோசிக்காத கோணம். இரண்டு மூன்று தடவை பார்த்தும் அதை ஷெரிஃப் மேல் வரும் டென்ஷனாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அங்கேயும் மனக்கசப்பு இருந்தது. படம் எடுத்த ஜார்ஜியாவின் ராபன் கவுண்டிக்காரர்கள் பலருக்கு வருடக்கணக்கில் இந்தப் படத்தின் பெயரைக் கேட்டாலே பிடிக்காது. ஆனால் படத்தால்தான் ஆற்றுக்குக் கூட்டம் வந்தது. படத்தைப் பார்த்துவிட்டு லைஃப் ஜாக்கெட்டும் இல்லாமல் இறங்கி முங்கிச் செத்தவர்கள் உண்டு. படத்துக்குக் கனூ ஓட்டச் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவர் க்ளாட் டெர்ரி. ஜிம்மி கார்ட்டர் ஜார்ஜியா கவர்னராக இருந்தபோது அவரோடு கனூவில் சட்டூகாவின் ஒரு பெரிய பாய்ச்சலில் இறங்கியிருக்கிறார். 1974இல் அணை கட்டக்கூடாத ஆறுகளின் பட்டியலில் சட்டூகாவைச் சேர்த்துவிட்டார்கள். படத்தில் ஆறு செத்தது, நிஜத்தில் பிழைத்தது. ஊர்க்காரர்களின் பெயர்தான் கெட்டுப்போய் அப்படியே நின்றது.

மூலத்தரை விவசாயி:
தம்பி சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டீச்சர், பிழைத்தது என்று சொல்ல அமெரிக்காவில் இன்னொரு ஆறு, இன்னொரு ஊர் இருக்கிறது. இங்கே சாலக்குடிப் புழையில் எத்தனை அணை, எண்ணிப் பாருங்கள். பெரிங்கல்குத்து, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம். அதிரப்பிள்ளிக்கும் 163 மெகாவாட் திட்டம் போட்டு எத்தனை காலம் சண்டை. அங்கே காடர் பழங்குடிகள் முன்னால் நின்றதால்தான் பெயராவது வெளியே வந்தது.

2022 செப்டம்பரில் பரம்பிக்குளத்தில் மூன்று ஷட்டரில் ஒன்று பிய்த்துக்கொண்டு போன ராத்திரி எனக்கு ஞாபகம் இருக்கிறது. சாலக்குடிப் பக்கம் கரையில் இருக்கிறவர்களை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். இங்கே நாங்கள் எவ்வளவு டிஎம்சி போச்சு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரே தண்ணீர்தான். அங்கே பயம், இங்கே வயிற்றெரிச்சல்.

ஷட்டர் கோர்ட்டர்ஸ் மகள்:
அன்றைக்கு அப்பா இருந்திருந்தால் இரண்டும் சேர்த்துப் பட்டிருப்பார். செயின் அறுந்து எதிர்எடை விழுந்தது என்று செய்தியில் வந்ததும், எந்த ஷட்டர், எந்த ஷட்டர் என்று அப்பாவோடு வேலை பார்த்த ஒரு மாமா போனில் கேட்டுக்கொண்டே இருந்தார்.

முதலமடைக்காரன்:
சரி, முடிவு: படம் போடுகிறோம். பதினெட்டுக்கு மேல் மட்டும், நோட்டீசில் காரணத்தோடு. ப்ரொஜெக்டரில் கலர் வெளுத்துத் தெரியும் என்று கேசட்கடை அண்ணன் ஆரம்பத்திலேயே இரண்டு வார்த்தை சொல்லிவிடட்டும். முடிந்ததும் சுங்கம் தம்பி பேச வேண்டும் என்று எனக்கு ஆசை. பாட்டு, பாராட்டுப் பத்திரம் எதுவும் கிடையாது.

சுங்கம் பையன்:
பேசுகிறேன் அண்ணா. ஆனால் சாயங்காலம் போட்டால் நான் அன்றைக்கே மேலே போக முடியாது. முதலமடைப் பஞ்சாயத்துக்காரன்தான் நான், பஞ்சாயத்து ஆபீசுக்கு வரவே பொள்ளாச்சி சுற்றி, ஆனைமலை, சேத்துமடை தாண்டித்தான் வர வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. இருட்டினால் செக்போஸ்டில் விடமாட்டார்கள். மதியம் போடுங்கள், இல்லை படுக்க இடம் பாருங்கள்.

கேசட்கடை கோவிந்தாபுரம்:
படுக்கை என் வீட்டில், தம்பி. எனக்கு ஒரு சந்தேகம் தீர வேண்டும். அந்தக் கனூவில் அவர்கள் போகிற மாதிரி உங்கள் மூங்கில் தெப்பத்தில் பாய்ச்சலில் இறங்க முடியுமா?

சுங்கம் பையன்:
வாய்ப்பே இல்லை அண்ணா. எங்கள் தெப்பம் தேங்கின தண்ணீருக்கு மட்டும். நீளமான மூங்கிலை வரிசையாக வைத்துக் கட்டி, மேலே பெஞ்ச் போட்டது. மூங்கில் கணுவுக்குள் காற்று நிற்பதால்தான் மிதக்கிறது. ஒரு மூங்கில் கீறி உள்ளே தண்ணீர் ஏறினால் அந்தப் பக்கம் சாயும். பாறையில் இடித்தால் கட்டு விட்டுப் போகும். முன்னால் இரண்டு பேர் துடுப்பு போடுவோம், பின்னால் ஒருத்தர் நீளக் கழியை வைத்துத் திருப்புவார். முக்கியமான வேலை துடுப்பு போடுவதில்லை, ஆட்களை உட்கார வைப்பது. எல்லாரும் ஒரே நேரத்தில் யானையைப் பார்க்க ஒரு பக்கம் எழுந்தால் போச்சு. கனூவில் லூயிஸ் எழுந்து நின்றுகொண்டு மீனுக்கு அம்பு விடுவான் பாருங்கள், அவன் என் தெப்பத்தில் ஏறினால் முதலில் அந்த வில்லை வாங்கிக் கரையில் வைத்துவிடுவேன்.

பாட்டுப் பெட்டியும் கரையில்தான். அதற்குத்தான் எப்போதும் சண்டை வரும்.